மூன்றாம் மாடிக்கு ஆடு கொடுத்தவள்

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

உங்கள் பயிற்சி வகுப்புக்கு வந்து ஒரு மணி நேரம் பேசச் சொன்னார்கள். நான் பேச ஆரம்பித்தால் பாதியில் டீ வந்துவிடும். டீ வந்தால் எல்லோரும் போனைக் கையில் எடுத்துவிடுவீர்கள். அதனால் எழுதியே கொடுத்துவிடுகிறேன். இந்த வெயிலில் பஸ் ஏறி வரும் வேலையும் எனக்கு மிச்சம்.

ஏழைக் குடும்பத்தை எப்படிக் கண்டுபிடிப்பது, பிழைப்புக்கு என்ன பொருள் கொடுப்பது, மாதத்துக்கு எத்தனை முறை வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது என்பதெல்லாம் உங்கள் கையேட்டில் இருக்கிறது. நல்ல கையேடு. அதில் மூன்று அத்தியாயம் நான் எழுதியது என்பதால் தைரியமாகச் சொல்கிறேன். கையேட்டில் இல்லாத ஒன்றைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். ஒரு நாள் காலையில் அதிகாரி கண்ணில் படக்கூடாது என்று ஒரு வெள்ளாட்டையும் இரண்டு குட்டிகளையும் ஆட்டோவில் ஏற்றிக் கடத்தப் பார்த்தேன். அப்போது எனக்கு ஐம்பத்தாறு வயது முடிந்திருந்தது. ஓய்வுக்கு ஒன்றரை வருடம் பாக்கி. புத்தி வந்திருக்க வேண்டிய வயதுதான்.

முதலில் ஒரு விளக்கம். ஜனங்கள் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் ஒரு நாள்கூடப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியதில்லை. எங்கள் அப்பா வாத்தியார், அக்கா வாத்தியார், என் வீட்டுக்காரரும் வாத்தியார். குடையும் பதிவேடுமாக நான் நடந்து போவதைப் பார்த்து எனக்கும் அந்தப் பட்டத்தைக் கொடுத்துவிட்டார்கள். குரலும் பொருத்தமாக இருப்பதாக வீட்டுக்காரர் சொல்வார். அவர் சொல்வதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொள்கிறேன்.

திண்டுக்கல்லுக்கு வெளியே ஒரு குளத்துக்கரையில் குடிசை போட்டிருந்தவர்களை எங்கள் திட்டத்தில் சேர்த்தோம். வீடு வீடாகப் போய் உட்கார்ந்து, என்ன வேண்டும் என்று கேட்டோம். கேட்டோம் என்றால், படிவத்தில் இருந்த நான்கு பொருளை வாசித்தோம். ஆடு, மாடு, தையல் மிஷின், பெட்டிக்கடை. ஐந்து பெண்கள் ஆடு என்றார்கள். சரியான முடிவுதான். கரை முழுக்க வேலிக் கருவையும் புல்லுமாகக் கிடந்தது. ஆட்டை அவிழ்த்துவிட்டால் அதுவே மேய்ந்துவிட்டு அதுவே திரும்பி வரும்.

படிவம் மேலே போய்க் கையெழுத்தாகி, ஆடு வாங்கக் குழு போட்டு, அந்தக் குழு கூடி, ஆடு வந்து சேர எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதத்துக்குள் குளத்தைத் தூர்வார வேண்டும் என்று குடிசைகளை எடுத்துவிட்டார்கள். ஜனங்களுக்கு ஊரின் அடுத்த பக்கத்தில் அடுக்குமாடி வீடு ஒதுக்கினார்கள். சிமெண்டுத் தரை, குழாய்த் தண்ணீர், கதவுக்குத் தாழ்ப்பாள். வீடு நல்ல வீடு, அதில் பொய் சொல்ல மாட்டேன். ஆடு கேட்ட ஐந்து பேரில் ஒருத்தியான முத்துப்பேச்சிக்கு விழுந்த சீட்டு மூன்றாவது மாடி.

ஆடு வந்து இறங்கிய அன்றைக்கே எனக்குத் தெரிந்தது. மூன்றாவது மாடியில் ஆடு எங்கே மேயும்? ஆனால் பொருளை மாற்ற வேண்டுமென்றால் மறுபடியும் படிவம், மறுபடியும் குழு. மார்ச் மாதம் வேறு. மார்ச் மாதத்தில் எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் யோசிக்க நேரம் கிடையாது. "இப்போதைக்கு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி, சினை ஆட்டைப் படியில் ஏற்றிவிட்டேன். ஆட்டுக்கு ஏறுவதில் ஒரு சிரமமும் இல்லை. பின்னால் ஏறிய எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

அதோடு விட்டேனா? ஐந்து பெண்களையும் கீழே உட்கார வைத்து ஒரு பாடமும் எடுத்தேன். ஒன்றரை வருடத்துக்கு ஆடு வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது. விற்கக் கூடாது, மாற்றக் கூடாது, யாரிடமும் விடக் கூடாது. ஆடு போனால் நீங்களும் திட்டத்தை விட்டுப் போனதாகத்தான் அர்த்தம், மாதா மாதம் வருகிற உதவித்தொகையும் நின்றுவிடும். அப்படி விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். ஐந்து பேரும் தலையாட்டினார்கள். நாலு பேர் நான் சீக்கிரம் கிளம்பட்டும் என்று ஆட்டியது. நிஜமாகவே ஆட்டியது முத்துப்பேச்சி ஒருத்திதான்.

அந்த நாலு பேரும் ஒரு மாதத்துக்குள் ஆட்டை வாரத்துக்கு விட்டுவிட்டார்கள். நம் பக்கத்து ஆட்கள் உங்களில் இருந்தால் தெரிந்திருக்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆடு என்னுடையது, நிலமும் தழையும் உங்களுடையது. நீங்கள் மேய்த்து வளர்க்கிறீர்கள். பிறக்கிற குட்டியில் ஆளுக்குப் பாதி. எந்தத் திட்டமும் வருவதற்கு முன்பிருந்தே இது நடக்கிறது. தரைத்தளத்தில் இருந்த தனலட்சுமி, எரியோட்டில் இருக்கும் சின்னம்மா மகன் தோட்டத்தில் தன் ஆட்டை விட்டிருந்தாள். நான் மாதாந்திரப் பார்வைக்குப் போகும்போதெல்லாம் "இப்பத்தான் டீச்சர் மேய்ச்சலுக்குப் போச்சு" என்பாள். அடுக்குமாடிக்கு நடுவில் என்ன மேய்ச்சல் என்று நானும் கேட்கவில்லை. கேட்டால் எழுத வேண்டியிருக்கும்.

முத்துப்பேச்சி மட்டும் என் பேச்சைக் கேட்டாள். டவுனில் இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்த்துவிட்டு, வரும் வழியில் தழை ஒடித்துத் தலையில் வைத்துக்கொண்டு மூன்று மாடி ஏறுவாள். அவள் புருஷன் கருப்பையா ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் லாரிக்கு மூட்டை ஏற்றியவர். கேரளா லாரி ஒன்றிலிருந்து மூட்டையோடு விழுந்து இடுப்பு எலும்பு உடைந்துவிட்டது. குளத்துக்கரையில் இருந்தவரை குடிசை வாசலில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களோடு பேசிக்கொண்டிருப்பார். மூன்றாவது மாடிக்கு நாலு பேர் தூக்கி வந்து விட்டதோடு சரி, கீழே இறங்கவில்லை. பேச்சும் நின்றுபோயிற்று.

ஆடு வந்த பிறகு பேச ஆரம்பித்தார். எங்களோடு அல்ல, ஆட்டோடு. எதைப் பார்த்தாலும் மோந்து பார்த்து, பேப்பரைக் கண்டால் மென்றுவிடும் என்பதால் அதற்கு மேனேஜர் என்று பேர் வைத்தார். என் பதிவேட்டிலும் ஒரு பக்கத்தை மேனேஜர் சாப்பிட்டிருக்கிறது. குட்டி போட்ட அன்றைக்கு, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாராம் மனிதர். "ஒரு வருசத்துக்குப் பொறகு நிக்கிறாரு டீச்சர்" என்று சொல்லிவிட்டு முத்துப்பேச்சி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். எனக்கும் கண் கலங்கியது. அதை அப்படியே வெற்றிக் கதை என்று எழுதி மேலே அனுப்பினேன். அந்த ஆடு அங்கே இருக்கவே கூடாது என்பதை எழுதவில்லை.

மாடியில் ஆடு வளர்த்தால் என்ன நடக்குமோ அதெல்லாம் நடந்தது. குட்டிகள் விடியும் முன்னே கத்தின. இரண்டாவது மாடியில் கூரை ஊறி நாற்றம் அடித்தது. வராந்தாவிலிருந்து புழுக்கை நேராகத் தனலட்சுமி காயப்போட்ட சுண்டை வத்தலில் விழுந்தது. "வெஞ்சனத்துக்குத் தொட்டுக்கட்டும்னு வத்தல் போட்டா, புழுக்கையும் சேந்து காயுது டீச்சர். ரெண்டும் ஒரே சைசு. இருட்டுல எத வறுக்குறேன்னே தெரியல" என்றாள். நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். இரண்டாவது மாடிக்காரர்கள் சிரிக்கவில்லை. எழுதிப் போட்டுவிட்டார்கள்.

குடியிருப்பு அலுவலகத்திலிருந்து முத்துப்பேச்சிக்கு நோட்டீஸ் வந்தது. வீட்டில் கால்நடை வளர்ப்பது விதிமீறல். ஏழு நாளுக்குள் அப்புறப்படுத்தாவிட்டால் ஒதுக்கீடு ரத்து. புதன்கிழமை இன்ஸ்பெக்டர் நேரில் வந்து பார்ப்பார். அவள் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு என் அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். ஆடு இருந்தால் வீடு போகும். ஆடு போனால் உதவித்தொகை போகும், அதில்தான் பாதி மாதம் அடுப்பு எரிகிறது. நான் எது செய்யட்டும் என்று கேட்டாள். ஏற்கெனவே ஒரு முறை குடிசையை இடித்ததைப் பார்த்தவள். 

அப்போது நான் சொன்னதை நீங்கள் ஒரு நாளும் சொல்லாதீர்கள். "நீ கவலைப்படாதே, நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

நேர்மையாகச் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான். மாடிக்கு ஆடு கொடுத்தது என் தவறு, மாற்றித் தர அனுமதி வேண்டும் என்று மேலே எழுத வேண்டும். அப்படி எழுதினால், வெற்றிக் கதை அனுப்பினாயே அது என்ன என்று கேட்பார்கள். எனக்கு மானம் பெரிதாகத் தெரிந்தது. அன்றைக்குச் சாயங்காலமே இன்னொரு செய்தி வந்தது. எங்கள் திட்டத்தைச் சோதிக்க சென்னையிலிருந்து ஒரு பெண் வருகிறார், இரண்டு வீடுகளைக் குலுக்கல் முறையில் எடுத்திருக்கிறார்கள். ஒன்று முத்துப்பேச்சி, இன்னொன்று தனலட்சுமி. நாள், அதே புதன்கிழமை.

இன்ஸ்பெக்டர் பத்து மணிக்கு வருவார். அவர் கண்ணுக்கு ஆடு இருக்கக் கூடாது. சென்னைப் பெண் மூன்று மணிக்கு வருவார். அவர் கண்ணுக்கு ஆடு இருந்தே ஆக வேண்டும். நடுவில் ஐந்து மணி நேரம் இருக்கிறது. எனக்கு இது போதாதா? முந்தின நாள் முத்துப்பேச்சியை உட்கார வைத்து, காலையில் வருகிறவர் கேட்டால் ஆட்டைக் காலி பண்ணியாயிற்று என்று சொல், மத்தியானம் வருகிறவர் கேட்டால் இதோ நிற்கிறது என்று காட்டு என்று ஒப்பிக்க வைத்தேன். இரண்டு முறை தப்பாமல் ஒப்பித்தாள். நல்ல மாணவி.

ஆட்டை நடுவில் எங்கே வைப்பது? எங்கள் வீட்டில்தான். அரை நாளைக்கு ஒரு ஆடு வருகிறது என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "வளக்கவா, வறுக்கவா?" என்று கேட்டார். ரோஜாத் தொட்டிகளை மட்டும் எடுத்து மாடியில் வைத்தார்.

புதன்கிழமை ஒன்பதரைக்கு ஆட்டோ வந்தது. மேனேஜரும் இரண்டு குட்டிகளும் பின் சீட்டில். நான் நடுவில், ஒரு குட்டியை மடியில் வைத்துக்கொண்டு. ஆட்டோ குடியிருப்பு வாசலைத் தாண்டவில்லை, போன் அடித்தது. "மேடம், மத்தியானம் கீரனூர்ல வேற வீடுகள் பாக்கணும், அதனால இங்க முதல்லயே வந்துட்டேன். வாசல்லதான் நிக்கிறேன்." நிமிர்ந்து பார்த்தேன். நாலடி தூரத்தில், கட்டடத்தை அண்ணாந்து பார்த்தபடி, போனைக் காதில் வைத்துக்கொண்டு ஒரு பெண் நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு பைக் வந்து நின்றது. நோட்டீசில் பார்த்த பெயர், ஓட்டி வந்தவர் சட்டைப்பையில் தொங்கிய அட்டையில் இருந்தது; இன்ஸ்பெக்டரும் முன்கூட்டியே வந்துவிட்டார்.

யோசிக்க எனக்குப் பத்து நொடி இருந்திருக்கும். அந்தப் பத்து நொடியில், உண்மையைச் சொல்லிவிடலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனை வருட அனுபவம் அதற்குத்தான் உதவியது. குட்டியைக் கீழே தள்ளி, ஆட்டோவைக் கட்டடத்துக்குப் பின்னால் மோட்டார் ரூம் பக்கம் கொண்டுபோய் நிறுத்தச் சொல்லிவிட்டு, புடவையில் ஒட்டிய ரோமத்தைத் தட்டிக்கொண்டு இறங்கி இரண்டு பேருக்கும் வணக்கம் சொன்னேன். இரண்டு பேரையும் தனித்தனியாக அழைத்துப் போகலாம் என்று பார்த்தேன். இன்ஸ்பெக்டர் பழநிப் பக்கத்துக்காரர், மரியாதை தெரிந்தவர். "நீங்களும் மூணாவது மாடிங்களா? வாங்க, சேந்தே போயிரலாமுங்க" என்று அந்தப் பெண்ணுக்கு வழிவிட்டு ஏறினார்.

மேலே போனபோது வீடு கழுவித் துடைத்துக் கிடந்தது. கருப்பையா சுவரோரம் உட்கார்ந்திருந்தார். முத்துப்பேச்சி கும்பிட்டாள். இன்ஸ்பெக்டர் அறையைப் பார்த்தார், வராந்தாவைப் பார்த்தார். "ஏனுங்கம்மா, ஆட்டைக் காலி பண்ணியாச்சுங்களா?" என்றார்.

"பண்ணியாச்சுங்க சார்."

அவர் பேனாவை எடுத்தார். அதே நேரத்தில் சென்னைப் பெண் தன் பதிவேட்டைத் திறந்து, சிரித்த முகமாக, "உங்க ஆடு எங்கம்மா? பாக்கலாமா?" என்றாள்.

இன்ஸ்பெக்டர் பேனா நின்றது. அந்தப் பெண் அவரைப் பார்த்தாள், அவர் அவளைப் பார்த்தார். இரண்டு பேரும் முத்துப்பேச்சியைப் பார்த்தார்கள். முத்துப்பேச்சி என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"எனக்குத் தெரியல சார்" என்றாள் அவள். குரலில் ஒரு கள்ளமும் இல்லை. "டீச்சர் என்ன சொல்லச் சொல்றாங்களோ அதத்தான் நான் சொல்லுவேன். நேத்து ரெண்டு விதமாச் சொல்லிக் குடுத்தாங்க. ஒருத்தருக்கு ஒண்ணு, இன்னொருத்தருக்கு ஒண்ணு. ரெண்டு பேரும் சேந்து வந்தா எதச் சொல்லணும்னு சொல்லிக் குடுக்கல."

கீழே மோட்டார் ரூம் பக்கத்திலிருந்து ஆடு கத்தியது. குட்டிகளும் சேர்ந்து கத்தின.

"மேனேஜருக்குப் பசிச்சிருச்சு" என்றார் கருப்பையா.

இன்ஸ்பெக்டர் வராந்தாவுக்குப் போய் எட்டிப் பார்த்தார். திரும்பி வந்து என்னைப் பார்த்து, "ஏனுங்க டீச்சர், மூணாவது மாடிக்கு ஆடு குடுக்கோணும்னு யாருங்க சொன்னது?" என்றார்.

"நான்தான் சார்."

"எதுக்குங்க?"

"படிவத்தில அப்படி இருந்தது."

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். "அம்மா விதிய மீறியிருக்காங்க. பொய்யும் சொல்லியிருக்காங்க. நான் எழுதியாகோணுமுங்க" என்றார். ரத்து செய்வதற்கான காகிதம் அவர் கையிலேயே இருந்தது. முத்துப்பேச்சி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சுரீர் என்று உறைத்தது. ஐந்து பேரில் என் பேச்சைக் கேட்காத நாலு பேர் நிம்மதியாக இருக்கிறார்கள். கேட்டவள் ஒருத்தி வீடு இழக்கப் போகிறாள். அவள் செய்த ஒரே தப்பு என்னை நம்பியது.

வெட்கமாக இருந்தது. அதை வேறு எப்படியும் சொல்லத் தெரியவில்லை. "சார், அவங்க சொன்னது பொய் இல்ல, நான் சொல்லிக் குடுத்தது. ஆட்டை இங்க ஏத்துனது நான். வெளிய விடாதேன்னு மிரட்டுனதும் நான். இன்னைக்கு ஒளிச்சதும் நான். எழுதுறதுன்னா என்னையப் பத்தி எழுதுங்க" என்றேன்.

"வாயால சொன்னாப் பத்தாதுங்க. உங்க கையெழுத்துல குடுங்க. சாயங்காலம் வரைக்கும் டைம் தாரேன். அதுக்குள்ள ஆடு போயிருச்சுன்னா நோட்டீச முடிச்சுர்றேன்" என்றார்.

பேனாவை வாங்கினேன். உடனே எழுதிவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். எழுதவில்லை. பக்கத்தில் எங்கள் திட்டத்தைச் சோதிக்க வந்த பெண் நிற்கிறாள். அந்தக் காகிதத்தின் நகல் எங்கள் தலைமை அலுவலகத்துக்குப் போகும். பொருள் தவறாகக் கொடுத்தது, பொய்யான வெற்றிக் கதை, அதிகாரியை ஏமாற்றப் பார்த்தது எல்லாம் என் கையெழுத்தில். ஓய்வு பெறும் நேரத்தில் மெமோ. வார்த்தையை எப்படி மழுப்பலாம் என்று ஒரு நிமிடம் தேடினேன். 'தவிர்க்க இயலாத சூழ்நிலையில்' என்று ஆரம்பித்து அடித்தேன். பிறகு, 'இந்த ஆட்டை இங்கே கொண்டுவந்தவள் நான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் வேலையில் நான் எழுதிய மிகச் சின்ன அறிக்கை அதுதான். நானே படித்து நானே நம்பியதும் அது ஒன்றைத்தான்.

கீழே இறங்கியபோது தனலட்சுமி தயாராக நின்றாள். மாடியில் நடந்ததெல்லாம் அவளுக்கு எப்படியோ எட்டியிருந்தது. சென்னைப் பெண் வாய் திறக்கும் முன்பே, "என் ஆடு இங்க இல்லம்மா. எரியோட்டுல எங்க சின்னம்மா மகன் தோட்டத்துல வாரத்துக்கு நிக்குது. ரெண்டு குட்டி. ஒண்ணு அவனுக்கு, ஒண்ணு எனக்கு. டீச்சர் வேணாம்னுதான் சொன்னாங்க. டீச்சருக்கு ஆட்டப் பத்தி என்ன தெரியும்?" என்றாள். அந்தப் பெண் வாரம் என்றால் என்ன என்று கேட்டு, நின்றபடியே இரண்டு பக்கம் எழுதினாள். நானும் அன்றைக்குத்தான் முழுதாகக் கேட்டேன்.

தனலட்சுமியே போன் போட்டுச் சின்னம்மா மகனிடம் பேசினாள். மத்தியானம் அதே ஆட்டோவில் மேனேஜரும் குட்டிகளும் எரியோட்டுக்குப் போனார்கள். கருப்பையா வராந்தாவின் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஆட்டோ திருப்பம் தாண்டும் வரை நின்று பார்த்தார். அப்புறம் உள்ளே போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் இன்ஸ்பெக்டர் வந்து நோட்டீசை முடித்தார். வீடு நின்றது. உதவித்தொகையும் நிற்காமல் வந்தது, அந்தப் பெண்ணின் அறிக்கையால். அடுத்த வருடம் வாரத்துக்கு விடுவதை விதிக்குள்ளேயே சேர்த்தார்கள். கையேட்டில் நாலாவது அத்தியாயத்தில் பாருங்கள். அதை நான் எழுதவில்லை, எழுதச் சொல்லவும் இல்லை. எனக்கு மெமோ வந்தது. அதை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறேன்.

வீடு காப்பாற்றியாயிற்று என்று நான் பெருமூச்சு விட்டேன். கருப்பையாவுக்கு அது பழைய நிலைமைதான். சாப்பாட்டைத் தொடாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, ஒரு மாதம் கழித்து மூன்று மாடி ஏறினேன். இந்த முறை கையில் புதுப் படிவம். நல்லெண்ணம் எனக்கு ஒரு நாளும் குறைந்ததில்லை. வீட்டுக்குள்ளேயே பெட்டிக்கடை போட்டால் அவருக்கும் பேச்சுத் துணை, உனக்கும் வருமானம், நாளைக்கே கையெழுத்துப் போடு என்று முத்துப்பேச்சியிடம் விளக்கினேன். அவள் காப்பி கொடுத்தாள். முழுதாகக் கேட்டாள். தலையாட்டவில்லை.

"நாங்க யோசிச்சுச் சொல்றோம் டீச்சர்" என்றாள்.

படி இறங்கும்போது எனக்குக் கோபமாகத்தான் இருந்தது. என்னிடம் யோசிச்சுச் சொல்றேன் என்று அவள் சொன்னதே இல்லை. இரண்டாவது மாடி வந்தபோது, கோபம் எதற்கு என்று எனக்கே விளங்கவில்லை. கீழே வந்தபோது சிரிப்பு வந்துவிட்டது. மூன்று மாடி இறங்குகிற நேரத்தில் ஒரு மனுஷிக்கு இவ்வளவு புத்தி வந்தால் போதும்.

அவர்கள் யோசித்தார்கள். என்னிடம் சொல்லவில்லை. இரண்டு மாதம் கழித்து, மூன்றாவது மாடியில் வேறொரு குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டிய தையல் மிஷினோடு போனேன். தூக்க ஆள் இல்லாமல் கீழே நின்று முழித்துக்கொண்டிருந்தேன். மேலேயிருந்து கொக்கியும் கயிறும் இறங்கி வந்து என் முன்னால் நின்றன. அண்ணாந்து பார்த்தேன். வராந்தாவின் ஓரத்தில் இரும்புக் குழாயை நீட்டி, கிணற்றில் தண்ணீர் இறைக்கிற கப்பியை மாட்டியிருந்தார்கள். அதற்குப் பின்னால் ஸ்டூலில் கருப்பையா. தோளில் துண்டு.

அவருக்கு இடுப்புதான் போனது, கை போகவில்லை. அத்தனை வருடம் மூட்டை தூக்கிய கை. லிப்ட் இல்லாத கட்டடம், இரண்டாவது மாடியிலும் மூன்றாவது மாடியிலும் வயதானவர்களும் கர்ப்பிணிகளும். அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், தண்ணீர் கேன் எல்லாம் இப்போது அவர் கயிற்றில் ஏறுகின்றன. கீழே யாரும் நிற்காதபடி சுண்ணாம்பால் வட்டம் போட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள். காலையிலிருந்து ராத்திரி வரை மூன்று மாடி ஜனமும் அவரிடம் பேசிக்கொண்டே இருக்கிறது.

"இதுக்கு அனுமதி?" என்று நான் மேலே பார்த்துக் கேட்டேன். பழக்கம் போகாதே.

முத்துப்பேச்சி எட்டிப் பார்த்தாள். "மேல உள்ளவுக எல்லாருட்டயும் கையெழுத்து வாங்கி, நானே இன்ஸ்பெக்டர் சார்ட்ட கொண்டுபோய்க் குடுத்தேன் டீச்சர். அவுக ஒரு கொத்தனார அனுப்பிக் குழாய ஆட்டிப் பாத்தாக. எம்புட்டு கனம் ஏத்தலாம்னு எழுதிக் குடுத்துருக்காக. அந்தக் காயிதத்தக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் செவுத்துல மாட்டியிருக்கோம், மேல வந்து பாருங்க" என்றாள். எந்த இன்ஸ்பெக்டர் முன்னால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாளோ, அதே ஆளிடம் தனியாகப் போயிருக்கிறாள். என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவும் இல்லை. நான் நின்ற இடத்திலேயே எனக்கு அழுகை வந்தது. குடையைச் சாய்த்து மறைத்துக்கொண்டேன்.

தையல் மிஷினைக் கொக்கியில் மாட்டினேன். கருப்பையா இழுக்கவில்லை. "மிஷினுக்கு அறுவது ரூவா" என்றார்.

"என்னப்பா, நம்ம டீச்சருக்குமா?" என்றேன்.

மனிதர் மனைவியைப் பார்த்தார். "டீச்சருக்கும் அதே கூலிதான்" என்றாள் முத்துப்பேச்சி. நான் விடாமல் ஐந்து நிமிடம் பேரம் பேசினேன். அவள் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை.